வான்கோவின் புத்தக அலமாரியில் நாலு மாதம்: ஒரு கடிதத் தளத்துக்கு மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது காசு கொடுத்து வாங்கிய சாமான் இல்லை. வான்கோ லெட்டர்ஸ் டாட் ஆர்க் என்ற இணையதளம். ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகமும் நெதர்லாந்தின் ஹாய்கன்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2009இல் திறந்தது, இன்றுவரை இலவசம். வின்சென்ட் வான்கோ எழுதியதும் அவருக்கு வந்ததுமாக மிஞ்சியிருக்கிற கடிதங்கள் மொத்தம் 902. அத்தனையும் உள்ளே இருக்கின்றன. இதற்காக 15 வருடம் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள். நான் நாலு மாதமாக ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதில்தான் கிடக்கிறேன். இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்கு மதிப்புரை என்று கேட்டால், நேரமும் காசுதானே.

நான் அங்கே போய்ச் சேர்ந்த காரணம் கொஞ்சம் வெட்கக்கேடு. பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போடுவது என் தொழில். கதை முழுசாக வருவது அபூர்வம், வாட்ஸப்பில் மூணு வரிச் சுருக்கம் வரும், அதை வைத்து அன்று இரவே வரைந்து அனுப்ப வேண்டும். போன வருடம் அப்படித்தான் 'கிணற்றடியில் பெண் நிற்கிறாள்' என்று வந்தது. நானும் ராட்டினம், தாம்புக்கயிறு, குடம், ஈரச்சேலை எல்லாம் போட்டு அழகாக ஒரு படம் வரைந்து கொடுத்துவிட்டேன். அச்சில் வந்த பிறகு கதையைப் படித்தால், அந்தக் கிணறு தூர்ந்துபோய்ப் பத்து வருடம், மேலே தகரம் போட்டு மூடியிருக்கிறது, கதையே அந்தத் தகரத்தைப் பற்றியதுதான். எழுதியவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அப்போது ஒரு நண்பர், நீ வரைவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு வான்கோ எப்படிப் படித்தார் என்று போய்ப் பார் என்றார்.

முதலில் சிரித்தேன். காதை அறுத்துக்கொண்டவர், சூரியகாந்தி வரைந்தவர், பைத்தியக்கார விடுதியில் இருந்தவர், நமக்கெல்லாம் தெரிந்த வான்கோ அவ்வளவுதானே. கையில் புத்தகத்தோடு இருக்கிற வான்கோவை யார் நினைக்கிறார்கள்? டச்சு, பிரெஞ்சு, ஆங்கிலம், ஜெர்மன் என்று நாலு மொழியில் படித்தவர், ஓவியர் ஆவதற்கு முன்னால் டார்ட்ரெக்ட் ஊரில் ஒரு புத்தகக் கடையில் சில மாதம் வேலை பார்த்தவர், இதெல்லாம் எனக்கு இந்தத் தளத்துக்குள் போன பிறகுதான் தெரியும்.

தளத்தின் அமைப்பு எளிமையானது. ஒரு கடிதத்தைத் திறந்தால் திரை இரண்டு பத்தியாகப் பிரியும். ஒரு பக்கம் அவர் எழுதிய மூல வாசகம், டச்சோ பிரெஞ்சோ, மறுபக்கம் ஆங்கில மொழிபெயர்ப்பு. வேண்டுமென்றால் மூலத்தை எடுத்துவிட்டு அவர் கையெழுத்தின் படத்தை வைத்துக்கொள்ளலாம். நான் எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பேன், ஏனென்றால் வரிகளுக்கு நடுவே அவர் போட்ட குட்டி ஸ்கெட்சுகள் எழுத்து எழுதிய அதே மையில் அதே வேகத்தில் வந்திருப்பது அங்கேதான் தெரியும். எழுத்து எங்கே முடிந்து படம் எங்கே தொடங்குகிறது என்று சில இடங்களில் ஒரு நொடி தடுமாறுவோம். அப்புறம் அடிக்குறிப்புகள். அவர் போகிற போக்கில் ஒரு நாவலின் வரியைச் சொன்னால் அது எந்தப் புத்தகம், எங்கே வருகிறது என்று குறிப்பு சொல்லும். ஓவியத்தைப் பற்றிப் பேசினால் அந்த ஓவியம் சின்னதாகப் பக்கத்திலேயே வரும். புத்தகத்திலிருந்து கடிதத்துக்கும் கடிதத்திலிருந்து கேன்வாசுக்கும் இப்படித் தாவிப் போக முடிவதுதான் இந்தத் தளத்தின் உயிர்.

ஒரு எச்சரிக்கை. முதல் கடிதத்தில் தொடங்காதீர்கள். 1872இல் ஆரம்பிக்கிறது, வேலை, வீட்டு விசேஷம், அப்புறம் பைபிள் வசனங்கள் பக்கம் பக்கமாக. நான் முதல் வாரம் அப்படிப் போய் ஏறக்குறைய விட்டுவிட்டேன். நேரே 155ஆம் கடிதத்துக்குப் போங்கள்.

அது 1880 ஜூனில் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியிலிருந்து தம்பி தியோவுக்கு எழுதியது. வயது 27, கையில் வேலை இல்லை, மதப் பிரசங்கி வேலையும் போய்விட்டது, தம்பியோடு ஏறக்குறைய ஒரு வருடம் பேச்சுவார்த்தையே இல்லை. தம்பி அனுப்பிய 50 ஃபிராங்கை வாங்கிக்கொண்டதைச் சொல்லி ஆரம்பிக்கிறார், தயக்கத்தோடுதான். நான் சோம்பேறி என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று நீளமாகத் தன் தரப்பைச் சொல்கிறவர், இந்தக் காலத்தில் என்ன செய்தேன் என்பதற்குச் சாட்சியாகக் காட்டுவது புத்தகங்களைத்தான். பைபிள், மிஷ்லேயின் பிரெஞ்சுப் புரட்சி வரலாறு, ஷேக்ஸ்பியர், கொஞ்சம் விக்தர் ஹ்யூகோ, டிக்கன்ஸ், ஹேரியட் பீச்சர் ஸ்டோ, ஈஸ்கிலஸ். வேலையில்லாத பையன் வீட்டில் மாட்டிக்கொண்டு பேசுகிற மாதிரியே இருக்கும். ஆனால் அடுத்து வருகிற இடம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஷேக்ஸ்பியருக்குள் ஓவியர் ரெம்பிராண்ட் இருக்கிறார், மிஷ்லேக்குள் கொரெஜ்ஜோ, ஹ்யூகோவுக்குள் தெலாக்ருவா என்கிறார். ஷேக்ஸ்பியரின் மொழி, காய்ச்சலிலும் உணர்ச்சியிலும் நடுங்குகிற தூரிகைக்குச் சமம் என்கிறார். இதை எழுதும்போது அவர் இன்னும் ஓவியர் இல்லை! ஓவியனாவது என்று முடிவு செய்ததே அதற்குச் சில வாரம் கழித்துத்தான். தூரிகையை அவர் முதலில் கண்டது புத்தகத்துக்குள்.

படிப்பு ஒரு ஓவியனுக்கு என்ன செய்கிறது என்று கேட்டால் நம்மில் பலர், படித்ததை வரைவான் என்று நினைப்போம், நானும் அப்படித்தான் நினைத்தேன். தளத்தைத் துழாவத் துழாவ அது சரியில்லை என்று பட்டது. டிக்கன்ஸ், சோலா, ஹ்யூகோ என்று அவ்வளவு படித்தவர் அவர்களுடைய கதைக் காட்சியை எடுத்துக்கொண்டு படம் போடவில்லை. நாவல் அவருடைய படத்துக்குள் ஒரு சாமானாக வருகிறது, மேஜையில், நாற்காலியில், யாரோ ஒருவரின் முழங்கைக்குப் பக்கத்தில்.

பைபிள் இருக்கிற ஸ்டில் லைஃபை, அதாவது மேஜைச் சாமான்களை மட்டும் வைத்து வரைந்த படத்தைப் பாருங்கள். 1885 அக்டோபர். பாதிரியாரான அப்பா அந்த மார்ச்சில்தான் இறந்திருந்தார். பெரிய பைபிள் விரித்திருக்கிறது, பக்கத்தில் அணைந்த மெழுகுவர்த்தி, முன்னால் ஓரம் தேய்ந்த ஒரு குட்டி மஞ்சள் நாவல், சோலா எழுதிய 'வாழ்வின் மகிழ்ச்சி'. பைபிள் பக்கத்தின் எழுத்தெல்லாம் வெறும் தூரிகைக் கோடுகள், ஒன்றும் படிக்க முடியாது. ஆனால் ஏசாயா என்ற தலைப்பும் 53 என்ற அதிகார எண்ணும் மட்டும் வாசிக்கிற மாதிரி வைத்திருக்கிறார். துக்கமே உருவான மனிதனைப் பற்றிய அதிகாரம் அது. அதற்குக் கீழே மகிழ்ச்சி என்று பெயர் வைத்த நாவல். இதை அப்பாவுக்கும் மகனுக்கும் நடந்த சண்டை என்று விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், இருக்கலாம். எனக்குச் சுவாரசியம் வேறு. இந்தப் படத்தைப் பற்றித் தம்பிக்கு எழுதிய வரிகளைப் பார்த்தால் அப்பா பற்றியும் விசுவாசம் பற்றியும் அங்கே ஒரு வார்த்தை இல்லை. மங்கிய வெள்ளையில் திறந்த பைபிள், தோல் அட்டை, கறுப்புப் பின்னணி, மஞ்சள் கலந்த பழுப்பு முன்னணி, கூடவே கொஞ்சம் எலுமிச்சை மஞ்சள், ஒரே நாளில் ஒரே மூச்சில் போட்டேன், அவ்வளவுதான். அந்த எலுமிச்சை மஞ்சள்தான் சோலா. வருடக்கணக்கில் படித்த ஒன்று கடைசியில் ஒரு நிறமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அன்று இரவு நான் தூங்க ஒரு மணி ஆகிவிட்டது.

நாற்காலி விஷயம் இன்னும் பிடிக்கும். 1870இல் டிக்கன்ஸ் இறந்த பிறகு அவருடைய எழுத்து அறையை, ஆள் இல்லாத நாற்காலியோடு, லூக் ஃபில்ட்ஸ் என்ற ஓவியர் வரைந்தார், லண்டன் 'கிராஃபிக்' பத்திரிகையில் வந்தது. ஃபில்ட்ஸ் டிக்கன்ஸின் கடைசி நாவலுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தவர், அதாவது என் சாதிக்காரர், பத்திரிகைப் படக்காரர். அந்த அச்சுப்படத்தை வான்கோ வைத்திருந்தார், 1882இல் அந்தக் கதையைத் தம்பிக்கு உருக்கமாக எழுதுகிறார், காலி நாற்காலிகள் நிறைய இருக்கின்றன, இன்னும் வரும் என்று. அதிலிருந்து ஆறு வருடம் கழித்து ஆர்ல் ஊரில் பால் கோகேன் என்ற ஓவியரோடு ஒரே வீட்டில் இருந்தபோது இரண்டு காலி நாற்காலிகளை வரைகிறார். தன்னுடையதில் புகைக்குழாயும் புகையிலையும். கோகேனுடையதில் எரியும் மெழுகுவர்த்தியும் இரண்டு நாவல்களும், சிவப்பும் பச்சையுமாக ராத்திரி வெளிச்சம். டிக்கன்ஸை நினைத்துத்தான் வரைந்தேன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை, முடிச்சுப் போடுவது நாம்தான். ஆனால் அந்த 1882 கடிதத்தையும் இந்த நாற்காலிகளைப் பற்றிய கடிதத்தையும் பிரவுசரில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் முடிச்சுப் போடாமல் இருப்பது கஷ்டம்.

நேரடியாகப் புத்தகத்திலிருந்து வந்தது என்று சொல்லக்கூடியதும் உண்டு. 1888 கோடையில் பியேர் லோத்தியின் ஜப்பான் நாவலைப் படித்துவிட்டு 'மூஸ்மே' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறார், இளம் பெண் என்று அர்த்தம், ஆனால் உட்கார வைத்து வரைந்ததோ ஒரு பிரெஞ்சுச் சிறுமியை. ஒரு வாரம் பிடித்ததாம். இது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, வார்த்தை மட்டும் மேலே தொங்குகிற மாதிரி இருக்கிறது. பாவாடையின் ஆரஞ்சுப் புள்ளிகளுக்காக வேண்டுமானால் மன்னிக்கலாம்.

எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி 1889. சான் ரெமி மனநல விடுதியிலிருந்து தம்பியிடம் ஷேக்ஸ்பியர் முழுத் தொகுப்பு கேட்கிறார். மலிவுப் பதிப்பே போதும், மூணு ஃபிராங்குக்கு மேல் போனால் வேண்டாம் என்கிறார். புத்தகக் கண்காட்சியில் அட்டையைத் திருப்பி விலை பார்த்துவிட்டு வைக்கிறவன் நான், இந்த வரியில் அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. புத்தகம் வந்து சேர்ந்ததும் ராஜாக்களின் நாடகங்களை வரிசையாகப் படிக்கிறார். அப்புறம் தங்கை வில்லெமினுக்கு எழுதும்போது, படித்து முடித்ததும் மனம் அடங்க ஒரு புல்லையோ ஒரு பைன் கிளையையோ ஒரு கோதுமைக் கதிரையோ போய்ப் பார்த்தாக வேண்டியிருக்கிறது என்கிறார். நான் இதைச் செய்து பார்த்தேன், எங்கள் மொட்டை மாடியில் இருப்பது கற்றாழைத் தொட்டி ஒன்றுதான். சிரிக்காதீர்கள், பத்து நிமிடம் பார்த்தால் அதன் முள்வரிசை ஒரே இடைவெளியில் இல்லை என்பது தெரிகிறது. இத்தனை வருடம் ஒரே இடைவெளியில்தான் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

சரி, குறைகள். தமிழ் இல்லை, எதிர்பார்க்கவும் முடியாது, ஆனால் ஆங்கிலத்தில் சரளமாகப் படிக்க வராதவர்களுக்கு இது மூடிய கதவுதான். மொழிபெயர்ப்பு அவருடைய மூச்சுவாங்கும் நடையை அப்படியே விட்டிருப்பதால் சில வாக்கியங்களை இரண்டு முறை படிக்க வேண்டும். குறிப்புகள் ஒரு சதுப்பு நிலம், ஒன்றைத் தொட்டால் அரைமணி நேரம் காணாமல் போவீர்கள். ஃபோனில் பார்க்க வேண்டாம், இரண்டு பத்தியும் சேர்ந்து தெரியப் பெரிய திரை வேண்டும். இதே கடிதங்கள் 2009இலேயே ஆறு கனத்த தொகுதிகளாகவும் வந்தன, அது நூலகத்துக்கு. நான் ஆசைப்பட்டு ஒரு இணையக் கடையில் ஒற்றைத் தொகுதித் தேர்வு நூல் ஒன்றை வாங்கினேன். பழையதைப் புதியது என்று அனுப்பிவிட்டார்கள், மூணாம் நாளே பசை விட்டுத் தாள் தாளாக வந்துவிட்டது, திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. அதைவிட எரிச்சல், அந்த நூலில் வெட்டியிருந்த பகுதிகள் பெரும்பாலும் அவர் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுகிற பகுதிகள்தான்.

ஆகவே தளத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரையைக் குறைத்தது என் தூக்கத்துக்காக.

கடைசியாக ஒரு கடிதம் சொல்லி விடுகிறேன். 1889 நவம்பர், விடுதியிலிருந்துதான். என்றாவது ஒரு புத்தகக் கடையை வரைய வேண்டும் என்ற ஆசை இன்னும் மனதில் இருக்கிறது என்று எழுதுகிறார், சாயங்கால நேரம், கடை முகப்பில் மஞ்சளும் ரோஜாவும் கலந்த வெளிச்சம், முன்னால் கறுப்பாக நடந்து போகிற ஆட்கள். ஒரு ஆலிவ் தோப்புக்கும் ஒரு கோதுமை வயலுக்கும் நடுவே அதை மாட்டினால் நன்றாக இருக்கும் என்கிறார், புத்தகங்களை விதைக்கிற மாதிரி. அடுத்த ஜூலையில் இறந்துவிட்டார். ஆலிவ் தோப்புகளும் கோதுமை வயல்களும் இருக்கின்றன, புத்தகக் கடை மட்டும் இல்லை. எங்கள் தெருமுனையில் ஒரு பழைய புத்தகக் கடை உண்டு, ஏழு மணிக்கு மேல் போய் எதிர் நடைபாதையில் நின்று மூணு தடவை வரைந்து பார்த்தேன். எங்கள் கடைக்காரர் போட்டிருப்பது வெள்ளை டியூப் லைட்.