ஃபங்ஷன் பாயிண்டர் வார்னிங்: எதைப் பிடிக்கிறது, எதைக் கோட்டை விடுகிறது

2018-இல் ஜிசிசி என்ற சி கம்பைலரின் 8-ஆம் பதிப்பு வந்தபோது அதில் காஸ்ட்-ஃபங்ஷன்-டைப் என்றொரு வார்னிங்கும் சேர்ந்தது. ஃபங்ஷன் பாயிண்டரை, அதாவது ஒரு ஃபங்ஷனின் முகவரியை, பொருந்தாத டைப்புக்குக் காஸ்ட் செய்தால் (டைப்பை வலிந்து மாற்றினால்) எச்சரிப்பது அதன் வேலை. அதை எங்கள் சி புராஜெக்ட்டில் எர்ரராக மாற்றி வைத்துப் பல வருடம் ஆகிறது, இன்றுவரை அணைத்ததில்லை. வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், தாராளமாக. அதை மட்டும் நம்பலாமா என்றால், கூடாது.

முதலில் விதி. சி-யில் ஒரு ஃபங்ஷன் பாயிண்டரை வேறு எந்த ஃபங்ஷன் பாயிண்டர் டைப்புக்கும் காஸ்ட் செய்யலாம். அழைக்கும் முன் பழைய டைப்புக்கே திருப்பிவிட்டால் பிரச்சினை இல்லை. பொருந்தாத டைப்பிலேயே அழைத்தால்தான் வினை. என்ன நடக்கும் என்று ஸ்டாண்டர்ட் எந்த உத்தரவாதமும் தராது. கடுப்பேற்றும் விஷயம், வழக்கமான பிசி ப்ராசஸரான எக்ஸ்86-64-இல் அது பெரும்பாலும் ஓடிவிடும் என்பதுதான். முதல் சில ஆர்கியுமெண்ட்டுகள் ரெஜிஸ்டரில் போகின்றன. ஒன்று கூடுதலாக வந்தாலும் அழைக்கப்பட்ட ஃபங்ஷன் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும்.

எண்ணிக்கை ஒத்துப்போகாத இந்த வகையை ஜிசிசி நன்றாகவே பிடிக்கிறது. ஜிலிப் என்ற சி லைப்ரரியைப் பயன்படுத்தும் கோடில், மெமரியை விடுவிக்கும், ஒரு ஆர்கியுமெண்ட் மட்டுமே வாங்கும் ஜி-ஃப்ரீயை, இரண்டு வாங்கும் கால்பேக்காக (லைப்ரரி அழைப்பதற்காக நாம் கொடுக்கும் ஃபங்ஷனாக) காஸ்ட் செய்து லிஸ்ட் முழுக்க ஓட விடுவது ரொம்பக் காலமாகப் புழக்கத்தில் இருந்த பழக்கம். பைத்தானின் சி எக்ஸ்டென்ஷன்களிலும் இதே கதைதான்: ஆர்கியுமெண்ட் இல்லாத மெத்தட் என்றாலும் இரண்டு பாராமீட்டர் வேண்டும், ஒன்றோடு எழுதிக் காஸ்ட் போட்டுவிடுவார்கள். எக்ஸ்86-இல் யாருக்கும் தெரியாது. பிரவுசரில் ஓடும் வெப்அசெம்பிளிக்குக் கொண்டுபோனால் தெரியும். அங்கே பாயிண்டர் வழி அழைப்பில் சிக்னேச்சரை (என்ன வாங்கும், என்ன தரும் என்பதை) ஓடும்போதே சரிபார்க்கிறார்கள். பொருந்தாவிட்டால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும்.

சரி, கோட்டை விடுவது எதை? நாம் கொடுக்கும் ஒப்பிடும் ஃபங்ஷனை வைத்து அரேயை வரிசைப்படுத்தும் கியூசார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கேரக்டர் பாயிண்டர்களின் அரே ஒன்று, உள்ளே பெயர்கள். இரண்டு ஸ்டிரிங்கை ஒப்பிடும் ஸ்டிரிங் கம்பேர் ஏற்கெனவே இருக்கிறதே என்று அதையே காஸ்ட் செய்து கொடுக்கிறார் ஒருவர். ஆனால் கியூசார்ட் கொடுப்பது ஒவ்வொரு எலிமெண்ட்டின் முகவரியை, அதாவது பாயிண்டருக்குப் பாயிண்டரை. ஸ்டிரிங் கம்பேர் அந்த முகவரியில் இருக்கும் பைட்டுகளையே எழுத்து என்று நினைத்து ஒப்பிடும். பெயர்கள் அகர வரிசையில் வராமல், மெமரியில் எங்கே கிடக்கின்றனவோ அதைப் பொறுத்து வரிசையாகும். கிராஷ் கூட ஆகாது.

இதற்கு அந்த வார்னிங் வாயே திறக்காது. எந்தப் பாயிண்டர் பாராமீட்டரும் வேறு எந்தப் பாயிண்டரோடும் பொருந்தும் என்பதுதான் அதன் கணக்கு. ஜிசிசி மேனுவலிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், காஸ்ட்டை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தால் பொருந்தாத பாயிண்டர் டைப் என்று கம்பைலர் கத்தியிருக்கும். அதன் வாயை அடைத்ததே காஸ்ட்தான்.

அதனால்தான் 2024-இல் ஜிசிசி 14 பொருந்தாத பாயிண்டர் டைப்பை எர்ரராக மாற்றியபோது எனக்கு முழு சந்தோஷம் இல்லை. மாற்றம் சரியானதுதான். ஆனால் பில்ட் உடைந்ததும் பலர் முதலில் செய்வது காஸ்ட் போடுவது. ரிவ்யூவில் இப்போது நான் முதலில் தேடுவதே புதிதாக முளைத்த காஸ்ட்டைத்தான்.

இன்னொரு சி கம்பைலரான கிளாங்கில், 16-ஆம் பதிப்பில் இருந்து இதே வார்னிங்குக்கு ஒரு கறாரான வடிவம் இருக்கிறது, பெயரில் ஸ்ட்ரிக்ட் சேர்ந்தது. அது மேலே சொன்ன கியூசார்ட் கேஸைப் பிடிக்கும். சத்தம் அதிகம் என்பது உண்மை, அதற்காக அணைக்க மாட்டேன். கிளாங் 17 முதல் சி கோடுக்கும் ஃபங்ஷன் சானிடைசர் கிடைக்கிறது, பொருந்தாத டைப்பில் அழைப்பதைப் புரோகிராம் ஓடும்போது பிடிப்பது. அது ஓடும் பாதையில் உள்ளதை மட்டும் பார்க்கும், ஆகவே டெஸ்ட் எவ்வளவோ பலனும் அவ்வளவே.

லினக்ஸ் கெர்னல் போன வழிதான் எனக்குப் பிடித்தது. முன்பு டைமர் கால்பேக் ஒரு அன்சைன்ட் லாங்கை வாங்கும், உள்ளே அதைப் பாயிண்டராகக் காஸ்ட் செய்துகொள்வார்கள். 2017-இல் டைமர் ஸ்ட்ரக்ட்டின் பாயிண்டரையே கால்பேக்குக்குக் கொடுக்கும்படி மாற்றி, டிரைவர் டிரைவராகப் போய்த் திருத்தினார்கள். வெளியே இருக்கும் ஸ்ட்ரக்ட்டை அதிலிருந்து கணக்கிட்டு எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் கெர்னல் 6.1-இல், பாயிண்டர் வழி அழைப்பின் டைப்பை ஓடும்போதே சரிபார்க்கும் கேசிஎஃப்ஐ வந்தது: ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முன்னால் அதன் டைப்பின் ஹேஷ், பாயிண்டர் வழி அழைக்கும் இடத்தில் ஒரு ஒப்பீடு. ப்ரோட்டோடைப் சுத்தமாக இல்லாத கெர்னலில் இதைப் போட்டிருந்தால் பூட் ஆவதே சந்தேகம்.

நாங்களும் அதே வழிதான். கால்பேக் எந்த டைப்பைக் கேட்கிறதோ அதே டைப்பில் சின்ன ரேப்பர், உள்ளே வாய்ட் பாயிண்டரைச் சரியான டைப்புக்கு மாற்றி உண்மையான ஃபங்ஷனை அழைப்பது. ஸ்லோ ஆகும் என்று சிலர் சொல்வார்கள். ஆப்டிமைசேஷன் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு ஜம்ப்தான் மிஞ்சும், அதுவும் பல இடங்களில் இன்லைனில் கரைந்துவிடும்.

தீராத ஒன்று ஜிடிகே சிக்னல்கள், அதாவது ஜன்னல், பட்டன் வரையும் அந்த லைப்ரரியில் கிளிக் போன்றவை நடந்ததும் நம் ஹேண்ட்லரை அழைக்கும் ஏற்பாடு. அங்கே எந்த ஹேண்ட்லரையும் ஒரு மேக்ரோ வாய்ட்-வாங்கி-வாய்ட்-தரும் டைப்பாக மாற்றிவிடுகிறது. ஜிசிசி கேள்வி கேட்காமல் விடும் ஒரே டைப்பும் அதுதான். அந்த மேக்ரோ வரும் வரிகளை மட்டும் கிரெப் போட்டுத் தேடி எடுத்து, சிக்னலின் டாக்குமெண்டேஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணால்தான் சரிபார்க்கிறோம்.