நான்கு ஸ்கார்ஃபுகள், ஒரு சீசன்: போர்ச்சுகல் லீக்கில் யாரைப் பின்தொடர்வது?

2025 மே 17 அன்று, போர்ச்சுகல் முதல் பிரிவு கால்பந்து லீக்கின் 34ஆவதும் கடைசியுமான சுற்றில், லிஸ்பனின் இரு பெரிய அணிகளான ஸ்போர்ட்டிங்கும் பென்ஃபிகாவும் தலைக்கு 79 புள்ளிகளுடன் களமிறங்கின. புள்ளிகள் சமமானால் இரு அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவே செல்லும் என்பது அந்த லீக்கின் விதி. டிசம்பரில் 1-0 என வென்று, மே மாதம் 1-1 என டிரா செய்திருந்த ஸ்போர்ட்டிங்குக்கு அந்தக் கணக்கு சாதகமாக இருந்தது. அன்று ஸ்போர்ட்டிங் சொந்த அரங்கில் விட்டோரியா கிமராயிஸை 2-0 என வீழ்த்தியது. பென்ஃபிகா பிராகா நகரில் 1-1 என்பதற்கு மேல் போக முடியவில்லை. 82க்கு 80 என்று பட்டம் முடிவானது. போர்டோ தன் ஊரில் நசியோனாலை 3-0 என வென்றது, ஆனால் அந்த வெற்றியால் எதுவும் மாறவில்லை. தோற்ற விட்டோரியா ஆறாம் இடத்தில் நின்றுவிட, ஐரோப்பியப் போட்டிக்கான இடம் அசோர்ஸ் தீவுகளின் சான்டா கிளாராவுக்குப் போனது.

ஒரே நாளில் ஸ்போர்ட்டிங், பென்ஃபிகா, போர்டோ, விட்டோரியா என நான்கு அணிகளின் ரசிகர்கள் நான்கு விதமாக வீடு திரும்பினார்கள். போர்ச்சுகல் லீக்கைப் புதிதாக ஒரு சீசன் முழுக்கப் பின்தொடர விரும்புகிறவர் இந்த நான்கில் எந்த ஸ்கார்ஃபைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் என்பதே இங்கு நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி. எந்த அணி சிறந்தது என்பது வேறு கேள்வி. அதற்கான விடை புள்ளிப் பட்டியலிலேயே இருக்கிறது. ரசிகனாக இருப்பவனுக்கு 34 ஆட்டங்களில் எத்தனை ஆட்டங்கள் உண்மையிலேயே பொருட்டாகின்றன, தோல்வி எப்படி வந்து தாக்குகிறது, சீசன் முடிந்த பின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பவற்றைத்தான் அளவுகோலாக வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1934-35இல் தொடங்கிய இந்த லீக்கை இதுவரை ஐந்து அணிகள் மட்டுமே வென்றிருக்கின்றன. பென்ஃபிகா, போர்டோ, ஸ்போர்ட்டிங் என்னும் 'மூன்று பெரியவர்கள்' தவிர, 1945-46இல் பெலெனென்ஸஸ் ஒரு முறையும், 2000-01இல் கட்டம் போட்ட சட்டைக்குப் பெயர்பெற்ற போவாவிஸ்டா ஒரு முறையும் வென்றன. அந்த போவாவிஸ்டாவே 2024-25இல் கடைசி இடம் பிடித்துக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஆகவே மூவருக்கு வெளியே ஓர் அணியைத் தேர்ந்தெடுப்பவர் பட்டக் கனவை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

பென்ஃபிகாவை எடுத்துக்கொள்வோம். 2022-23 வரையிலான கணக்கில் 38 பட்டங்கள், 1961இலும் 1962இலும் ஐரோப்பியக் கோப்பை, மொசாம்பிக்கில் பிறந்து இந்த அணியின் முகமாகவே ஆகிவிட்ட யூசேபியோ என்று பழம்பெருமைக்குக் குறைவே இல்லை. 65 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் லூஸ் அரங்கில் ஆட்டம் தொடங்கும் முன் 'விட்டோரியா' என்னும் கழுகு கூட்டத்தின் தலைக்கு மேல் வட்டமிட்டு மைதானத்தில் வந்து அமர்வதைப் பார்க்கவே சிலர் முன்கூட்டி உள்ளே போய்விடுகிறார்கள். நாட்டின் எந்த மூலைக்கு இந்த அணி ஆடப் போனாலும் எதிரணியின் சிறிய அரங்கில் பாதி சிவப்பாகிவிடும். தனியாகத் திரியும் ரசிகனுக்கு இதைவிடப் பெரிய கூட்டம் அந்த நாட்டில் கிடைக்காது. மன்றத் தலைவரை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 அக்டோபரில் நடந்த முதல் சுற்றுத் தேர்தலில் 85 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். உறுப்பினராக நீண்ட காலம் இருந்தவருக்குக் கூடுதல் வாக்குகள் உண்டு என்பது நம் ஊர்ச் சங்கங்களில் சிலருக்கு ஆசையைக் கிளப்பக்கூடிய செய்தி.

ஆனால் பென்ஃபிகா ரசிகனுக்கு வெற்றி என்பது செய்தியே அல்ல. அது நடக்க வேண்டியது நடந்தது என்ற கணக்கில் போய்விடும். புள்ளி இழப்பு மட்டுமே செய்தி. 2024-25 சீசன் இதைக் கண்முன் காட்டியது. தொடக்க ஆட்டத்திலேயே ஃபமலிகாவிடம் 0-2 எனத் தோற்று, நான்காம் சுற்றில் மொரெய்ரென்ஸுடன் டிரா செய்ததும் பயிற்சியாளர் ரோஜர் ஷ்மிட் அனுப்பப்பட்டார். 2018-19இல் பட்டம் வாங்கித் தந்த புரூனோ லாஜ் திரும்ப அழைக்கப்பட்டார். அதன் பின் போர்டோவை அணி லிஸ்பனிலும் 4-1, ஏப்ரலில் போர்டோவின் சொந்த அரங்கிலும் 4-1 என வென்றது. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை கிடைக்கும் சந்தோஷம் என்று ரசிகர்கள் கொண்டாடி முடிப்பதற்குள், அடுத்த வாரமே லூஸ் அரங்கில் அரூக்கா என்னும் சிறிய அணி கூடுதல் நேரத்தில் ஒரு கோல் போட்டு 2-2 ஆக்கிவிட்டுப் போனது. அந்த இரண்டு புள்ளிகளை நினைத்து உருகாத பென்ஃபிகா ரசிகர் இருக்க மாட்டார். அவை கிடைத்திருந்தாலும் கடைசி நாளின் முடிவுகள் அப்படியே இருந்தால் 82க்கு 82 ஆகி, நேருக்கு நேர் கணக்கில் ஸ்போர்ட்டிங்தான் வென்றிருக்கும் என்று சொன்னால் அவர் கேட்கத் தயாராக இருக்க மாட்டார். 81 புள்ளிகளோடு போயிருந்தால் கடைசி நாளில் ஆடும் விதமே வேறாக இருந்திருக்கும் என்பது அவருடைய வாதம். அதில் நியாயமும் இருக்கிறது.

ஸ்போர்ட்டிங்கின் அல்வலாதே அரங்கம் லூஸ் அரங்கிலிருந்து ஓரிரு மெட்ரோ மாற்றங்களில் எட்டிவிடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. காம்போ கிராண்டே நிலையத்தில் இறங்கினால் பச்சை வெள்ளைக் கூட்டம் தானாகவே உங்களை இழுத்துக்கொண்டு போகும். வெளியே வண்டிக்கடைகளில் பூண்டும் ஒயினும் சேர்த்து வேகவைத்த பன்றி இறைச்சித் துண்டுகளை ரொட்டிக்குள் வைத்து, கடுகுச் சாந்தைப் பிழிந்து தரும் பிஃபானா என்னும் தின்பண்டத்தின் வாசனையும் கூடவே வரும். இந்த விஷயத்தில் இரண்டு லிஸ்பன் அணிகளுக்கும் இடையே வித்தியாசம் எதுவுமில்லை. வித்தியாசம் ரசிகனின் மனநிலையில் இருக்கிறது. லூயிஸ் ஃபிகோவையும் கிறிஸ்டியானோ ரொனால்டோவையும் வளர்த்துவிட்ட அணி 2002க்குப் பின் 19 ஆண்டுகள் பட்டம் இல்லாமல் காத்திருந்தது. 2015-16இல் பரம எதிரியின் பயிற்சியாளரான ஜொர்ஜே ஜெசுஸையே தூக்கிக்கொண்டு வந்து, அந்த எதிரியை லூஸ் அரங்கிலேயே 3-0 என அடித்தும், கடைசியில் 88க்கு 86 என்று இரண்டு புள்ளிகளில் பட்டத்தை விட்டது. 2018 மே மாதத்தில் முகமூடி அணிந்த சுமார் 50 பேர் அல்கோஷேத் பயிற்சி மையத்துக்குள் புகுந்து சொந்த வீரர்களையே தாக்கினார்கள். 2021இல் பயிற்சியாளர் ரூபன் அமோரிமின் கீழ் பட்டம் வந்தபோது கொரோனாவால் அரங்கமே காலி.

அதனால்தான் 2024-25 சீசன் ஸ்போர்ட்டிங் ரசிகனுக்கு ஒரு முழு நாடகமாக அமைந்தது. முதல் 11 லீக் ஆட்டங்களையும் வென்ற நிலையில் நவம்பரில் அமோரிம் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போய்விட்டார். அடுத்த இரண்டு லீக் ஆட்டங்களிலும், சான்டா கிளாராவிடமும் மொரெய்ரென்ஸிடமும், அணி தோற்றது. 'இதுதான் நம் தலையெழுத்து' என்று பழைய ரசிகர்கள் பெருமூச்சு விட்டிருக்கும் டிசம்பர் இறுதியில் ரூய் போர்ஜெஸ் பொறுப்பேற்று, முதல் ஆட்டத்திலேயே பென்ஃபிகாவை 1-0 என வென்றார். சுவீடன் நாட்டு விக்டர் யோகெரஸ் லீக்கில் மட்டும் 39 கோல்கள் போட்டார். 1950களுக்குப் பின் முதல் முறையாகத் தொடர்ந்து இரண்டு பட்டங்கள் வந்தன. கோடையில் யோகெரஸும் ஆர்சனலுக்குப் போய்விட்டார் என்பது கதையின் கடைசி வரி. ஒரு சீசனில் இவ்வளவு ஏற்ற இறக்கம் வேறு எந்த அணியிடமும் கிடைக்கவில்லை. கதைக்காகக் கால்பந்து பார்ப்பவர் தயங்காமல் பச்சை ஸ்கார்ஃபை எடுத்துக்கொள்ளலாம்.

போர்டோவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒப்பீட்டில் அதன் இடம் எனக்குத் தெளிவாகவே இருக்கிறது. லிஸ்பனுக்கு எதிரான வடக்கு என்பதே அந்த அணியின் உயிர்நாடி. லிஸ்பனில் 'இம்பீரியால்' என்று கேட்டு வாங்கும் சிறிய கோப்பை பீரை இங்கே 'ஃபீனோ' என்றுதான் கேட்க வேண்டும். விளையாட்டு நாளிதழ்களில்கூட 'அ போலா', 'ரெக்கார்ட்' இரண்டும் லிஸ்பனுக்கும், 'ஓ ஜோகோ' வடக்குக்கும் என்று பிரிந்து கிடக்கிறது. 1982 முதல் 2024 வரை பிண்டோ த கோஸ்டா என்ற ஒரே மனிதரின் தலைமையில் 1987இலும் 2004இலும் ஐரோப்பாவின் உச்சக் கோப்பை வந்தது. 2013 மே 11 அன்று டிராகாவ் என்னும் சொந்த அரங்கில், ஆட்டம் 1-1 என முடிந்தால் பென்ஃபிகா முன்னிலையிலேயே இருந்திருக்கும் என்ற நிலையில், 92ஆவது நிமிடத்தில் மாற்று வீரர் கெல்வின் இடக்காலால் உதைத்த பந்து வலைக்குள் போனதும், பென்ஃபிகாவின் ஜொர்ஜே ஜெசுஸ் எல்லைக்கோட்டருகே மண்டியிட்டு விழுந்தார். அந்த ஒரு காட்சிக்காகவே பிறவி எடுத்ததாக நினைக்கும் போர்டோ ரசிகர்கள் உண்டு. அன்றைய சீசன் 78க்கு 77 என முடிந்தது. ஆனால் எதிரியை வீழ்த்துவதில் மட்டுமே சுவை காணும் ரசனைக்கு, எதிரி இரண்டு முறையும் 4-1 என அடித்துவிட்டுப் போகும் ஆண்டில் பற்றிக்கொள்ள வேறு எதுவும் மிஞ்சுவதில்லை. 71 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் என்பது வேறு எந்த ஊரிலும் நல்ல சீசன். போர்டோவில் அது துக்கம்.

இனி விட்டோரியா கிமராயிஸ். (பென்ஃபிகாவின் கழுகுக்கும் இதே பெயர்தான், 2013இல் இந்த அணிக்குப் பயிற்சியாளராக இருந்து பின்னர் பென்ஃபிகாவுக்குப் போனவரின் பெயர் ரூய் விட்டோரியா. புதிதாக வருகிறவர் குழம்புவதற்கு எல்லா ஏற்பாடுகளும் உண்டு.) போர்ச்சுகலின் மற்ற சிறு நகரங்களில் ஊர் அணி ஒன்று இருக்கும், ஆனால் ஊர்க்காரரின் மனம் மூன்று பெரியவர்களில் ஒருவரிடம் இருக்கும். கிமராயிஸில் அப்படியில்லை. 'போர்ச்சுகல் பிறந்தது இங்கேதான்' என்று கோட்டை மதிலில் எழுதி வைத்திருக்கும் அந்த ஊரில், நாட்டின் முதல் அரசர் அஃபோன்ஸோ என்ரிகேஸ் அணியின் சின்னத்திலும் இருக்கிறார், அரங்கின் பெயரிலும் இருக்கிறார். லீக் பட்டம் ஒருமுறைகூட வென்றதில்லை. 2006இல் கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, மறு ஆண்டே மேலேறி, 2007-08இல் நேராக மூன்றாம் இடம் பிடித்த அணி இது.

இந்த அணியின் ரசிகனுக்கு 34 ஆட்டங்களும் பொருட்டானவை, ஏனெனில் எதையும் வெல்லலாம், எதையும் தோற்கலாம். சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் பிராகாவுடனான ஆட்டம் தனிக்கதை. எதுவார்தோ சோட்டோ த மோரா வடிவமைத்து, கல்குவாரியைக் குடைந்து, நீளவாக்கில் இரு பக்கம் மட்டுமே இருக்கைகளும் ஒரு கோலுக்குப் பின்னால் பாறைச் சுவரும் கொண்ட பிராகா அரங்கம் பார்க்க அழகுதான், பிராகா 2009-10இல் இரண்டாம் இடம் வரை வந்த அணியும்கூட. ஆனால் கட்டடத்தைப் பார்க்க ஒருமுறை போனால் போதும். ஒரு சீசன் முழுக்க இருக்க வேண்டிய இடம் கிமராயிஸ்தான். 2013 மே 26 அன்று லிஸ்பன் அருகே ஜமோர் அரங்கில் நடந்த போர்ச்சுகல் கோப்பை இறுதியில், பென்ஃபிகா முந்தியிருந்த நிலையில், ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கையில் இரண்டே நிமிட இடைவெளியில் இரண்டு கோல்கள் போட்டு விட்டோரியா 2-1 என வென்றது. ஜமோர் இறுதிக்கு முன் சுற்றியுள்ள மரங்களுக்கடியில் குடும்பங்கள் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டிச் சாப்பிடுவது வழக்கம். வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் அந்த நாளுக்காகத்தான் மற்ற ஆண்டுகளின் ஏமாற்றங்கள் சேமிக்கப்படுகின்றன.

இந்த ஊரை மிகையாகப் புகழவும் கூடாது. 2020 பிப்ரவரி 16 அன்று, கோல் போட்ட போர்டோ வீரர் மூஸா மரேகா, அரங்கிலிருந்து வந்த இனவெறிக் கூச்சலைத் தாங்காமல் ஆட்டத்தின் நடுவே களத்தை விட்டு வெளியேறியது இதே கிமராயிஸில்தான். ஊர்ப்பற்று எந்தப் பக்கம் சரியும் என்பதற்கு அந்த இரவைவிட வேறு சான்று தேவையில்லை. சீசனின் கடைசி நாளுக்குத் திரும்பினால் இன்னொரு கசப்பும் இருக்கிறது. டிசம்பரில் ஸ்போர்ட்டிங் கொண்டுபோன ரூய் போர்ஜெஸ் அதுவரை விட்டோரியாவின் பயிற்சியாளர். மான்செஸ்டர் யுனைடெட், ஸ்போர்ட்டிங்கிடமிருந்து ஒருவரை எடுக்க, ஸ்போர்ட்டிங் கிமராயிஸிடமிருந்து ஒருவரை எடுத்தது. அப்படிப் போனவரே மே மாதத்தில் எதிர்ப்பக்கம் நின்று இவர்களின் ஐரோப்பிய ஆசையையும் முடித்துவைத்தார். பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் கதை எல்லா லீக்கிலும் உண்டுதான். இங்கே விழுங்கிய மீன், விழுங்கப்பட்ட மீனின் கண்முன்னாலேயே கோப்பையைத் தூக்கியது.

என் தீர்ப்பு இதுதான்: ஒரு சீசன் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு ஸ்போர்ட்டிங், அரங்கத்துக்கு நேரில் போய் உட்காரும் வாய்ப்பு உள்ளவருக்கும், பல ஆண்டுகள் தொடர்வேன் என்பவருக்கும் விட்டோரியா. பென்ஃபிகாவை அதன் பிரம்மாண்டத்துக்காகத் தேர்ந்தெடுப்பவரோடு எனக்குச் சண்டையில்லை, ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கலை அவர் அறிந்திருக்க வேண்டும். 2013-14 முதல் பென்ஃபிகா தன் சொந்த அரங்க ஆட்டங்களைத் தானே நடத்தும் தொலைக்காட்சியில் ஒளிபரப்புகிறது. மற்றவை வேறு அலைவரிசையில் வருகின்றன. ஆக போர்ச்சுகலில் இருக்கும் பென்ஃபிகா ரசிகர் இரண்டு சந்தா கட்டுகிறார். எல்லா அணிகளின் உரிமைகளையும் ஒன்றாக விற்கும் ஏற்பாடு 2028-29இலிருந்துதான் கட்டாயமாகிறது.

இந்தியாவில் இருந்து பார்ப்பவருக்கு நேரமும் ஒரு கணக்கு. பெரியவர்களின் ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கே இரவு எட்டரை மணியை ஒட்டித் தொடங்கும். அக்டோபர் கடைசி வரை நமக்கு அது இரவு ஒரு மணி, அதற்குப் பின் மார்ச் கடைசி வரை இரண்டு மணி. சிறிய அணிகள் தமக்குள் ஆடும் ஆட்டங்களோ வார இறுதியில் மாலை மூன்றரைக்கு வைக்கப்படுவதுண்டு. அவை நமக்கு இரவு எட்டு மணிக்கோ ஒன்பது மணிக்கோ வந்துவிடும். சாப்பிட்டுக்கொண்டே பார்த்துவிட்டு, மறுநாள் வேலைக்குக் கண் சிவக்காமல் போகலாம்.