தேதி போட்ட பேக்கப் ஃபோல்டர்: ஐந்து வருட பேட்ச் ஃபைல் அனுபவம்

ஐந்து வருடமாக விண்டோஸில் ஒரு சின்ன பேட்ச் ஃபைல்தான் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல்) தினமும் இரவில் என் ஆவணங்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் எடுக்கிறது. ஒவ்வொரு நாளுக்கும் அன்றைய தேதியிலேயே ஒரு ஃபோல்டர். இதை விட்டு வேறு மென்பொருளுக்குப் போக எனக்கு மனமில்லை. ஆனால் முதலில் எழுதியதில் பாதிகூட இப்போது மிச்சமில்லை.

ஆரம்பத்தில், அன்றைய தேதியைத் தரும் %டேட்% வேரியபிளை (மதிப்பைத் தாங்கும் பெயர்) வெட்டித்தான் ஃபோல்டருக்குப் பெயர் வைத்தேன். எழுத்துகளின் எண்ணிக்கை 0-இல் தொடங்கும். 6-இலிருந்து நான்கு எழுத்து ஆண்டு, 3-இலிருந்து இரண்டு எழுத்து மாதம். கையால் ஓட்டியபோது கச்சிதமாக வந்தது. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில், விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓடவிட்டதும் எல்லாம் குழம்பியது. அந்த வேரியபிள், ஓட்டுகிற கணக்கின் ரீஜன் செட்டிங்கில் உள்ள தேதி வடிவத்தைத்தான் தரும். எனக்கு 14-03-2024 என்று வருவது, அங்கே முன்னால் கிழமையும் ஒட்டி 03/14/2024 என்று வந்திருக்கிறது. ஆண்டு வர வேண்டிய இடத்தில் சாய்கோடுகளுக்கு நடுவே 14! ஃபோல்டர் பெயரில் சாய்கோடு செல்லாது. இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். அந்த நாட்களின் பேக்கப்பை நினைத்தால் இன்னும் வருத்தம்.

அதன்பின், கணினியின் விவரங்களைக் கேட்டு வாங்கும் டபிள்யூமிக் கட்டளைக்கு மாறினேன். நன்றாகவே உழைத்தது, ஆனால் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டுவருகிறது. இப்போது பேட்ச் ஃபைலின் ஃபார் கட்டளைக்குள், விண்டோஸின் இன்னொரு கட்டளைக் கருவியான பவர்ஷெல்லின் கெட்-டேட் என்ற தேதிக் கட்டளையை அழைத்து, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் வாங்கி வேரியபிளில் வைக்கிறேன். வடிவத்தை நாமே சொல்லிவிடுவதால் எந்தக் கணக்கில் ஓடினாலும் ஒன்றுதான். பெயர் வரிசையே தேதி வரிசையாகவும் அமைந்துவிடும். வடிவத்தை எழுதும்போது பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். இதில் மட்டும் கவனம் வேண்டும்.

நேரத்தையும் %டைம்% கொண்டு சேர்ப்பவர்களுக்கு: காலை பத்து மணிக்கு முன் மணியின் இடத்தில் 0-க்குப் பதில் வெற்றிடம் வரும். அதை 0-ஆக மாற்றிவிடுங்கள். வேரியபிளுக்கு மதிப்பு வைக்கும் செட் கட்டளையில் சமக்குறிக்கு முன் இடம் விட்டால், அந்த இடமும் வேரியபிளின் பெயரில் சேர்ந்துவிடும். பிறகு கூப்பிட்டால் காலியாக நிற்கும்.

நகலெடுக்க விண்டோஸின் ரோபோகாப்பி கட்டளை. முடிந்ததும் அது 1 என்ற எண்ணைத் திருப்பித் தந்தால் பிழையென்று பதற வேண்டாம், ஃபைல்கள் நகலாகின என்று பொருள். 8-உம் அதற்கு மேலும் வந்தால்தான் தோல்வி; என் ஸ்கிரிப்ட் அதை மட்டும் ஒரு லாக் ஃபைலில் எழுதுகிறது. தினமும் காலையில் முதலில் திறப்பது அந்த ஃபைலைத்தான்.