கண்ணாடியா, கொன்டக்ட் லென்ஸா, லேசரா? விமானியாக விரும்பும் வன்னிப் பிள்ளைகளுக்கு

வன்னியில் கண்ணாடி போட்ட பிள்ளை விமானியாக வேண்டும் என்று சொன்னால், வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "கண்ணில் பவர் இருந்தால் எடுக்க மாட்டார்கள்." வவுனியாவிலும் இரணைமடுவிலும் நாம் காண்பவை விமானப்படைத் தளங்கள். விமானப்படையோ விமானிப் பதவிக்குக் கண்ணாடி இல்லாமலே 6/6 பார்வை, அதாவது குறையில்லாத சாதாரணப் பார்வை, கேட்கிறது. கிபிர் போர் விமானத்தின் சத்தத்துக்குப் பதுங்குகுழி தேடி ஓடிய தலைமுறைக்கு விமானம் என்றாலே படைதான். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று பயணிகள் விமானம் ஓட்ட ஆசைப்படுகிறார்கள். பிழையான தகவலை நம்பி அந்த ஆசையைத் தரம் பத்திலேயே கைவிடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சிவில் விமானத்துறையின் கணக்கு வேறு. சர்வதேச சிவில் விமான அமைப்பான ஐகாவோவின் விதிப்படி, தொழில்முறை விமானிக்கான முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழுக்கு ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 பார்க்க வேண்டும் (பின்னால் உள்ள எண் கூடக் கூடப் பார்வை குறைவு). கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் சரி. கண்ணாடியைக் கழற்றினால் 6/60க்கும் கீழே போகும் கண் என்றால், கண் வைத்திய நிபுணரின் முழு அறிக்கையை முதலிலும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் கேட்பார்கள். அவ்வளவுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, அந்த 6/6ஐ எந்த வழியால் எட்டுவது என்பதே.

என் தெரிவு கண்ணாடி. செலவு குறைவு, பவர் மாறினால் வில்லையை மாற்றலாம், கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. விதி கேட்பது இரண்டு: ஒரே கண்ணாடியால் எல்லாத் தூரத்தையும் பார்க்க முடிய வேண்டும், அதே போன்ற இன்னொரு கண்ணாடி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். சட்டகத்தைத் தெரிவுசெய்யும்போது கவனம் தேவை. தடித்த பிளாஸ்டிக் காதுக்கம்பி ஹெட்செட்டின் மெத்தையைத் தூக்கிவிடும். அந்த இடுக்கால் இஞ்சின் இரைச்சல் நுழையும், கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு வலிக்கத் தொடங்கும். மெல்லிய உலோகக் கம்பிதான் நல்லது. கூலிங் கிளாஸ் வாங்கினால் போலரைஸ்ட் வகை கூடாது. அதைப் போட்டால் விமானியறைத் திரைகள் சில கோணங்களில் இருண்டுபோகும்.

கொன்டக்ட் லென்ஸையும் விதி அனுமதிக்கிறது. ஒரே பவர் கொண்டதாக, நிறமற்றதாக, கண்ணுக்கு ஒத்துக்கொண்டதாக இருக்க வேண்டும். மாற்றுக் கண்ணாடியும் கூடவே வேண்டும். பக்கவாட்டுப் பார்வைக்குச் சட்டகம் தடையாக இராது என்பது உண்மையான நன்மை. ஆனாலும் நம் ஊருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடையில் செம்மண் புழுதி, கிணற்றுக் குளிப்பு, குளத்தில் நீச்சல். லென்ஸோடு தண்ணீரில் இறங்கினாலோ, லென்ஸைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினாலோ அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தொற்றலாம். தொற்றினால் மாதக்கணக்கில் சிகிச்சை. தழும்பு விழுந்தால் விமானிக் கனவும் போய்விடும். பயணிகள் விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருப்பதால் லென்ஸ் உலர்ந்து உறுத்தும் என்பது இன்னொரு தொல்லை. இரவில் போட்டு உறங்கிக் காலையில் கழற்றும் கடினவகை லென்ஸை ஐரோப்பிய விதி ஏற்பதே இல்லை.

லேசர் சிகிச்சை எல்லோரையும் கவர்கிறது, செலவும் அதிகம். அதற்குப் பவர் நின்றிருக்க வேண்டும்: 18 வயதுக்கு மேல், குறைந்தது ஒரு வருடமாவது மாறாமல். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு அவசரமாகச் செய்தால் பவர் திரும்ப ஏறலாம். கண் உலர்வதும், இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதும் சிலருக்கு நீடிக்கும். இரவில் ஓடுபாதை விளக்குகளை நோக்கி இறங்குபவருக்கு இது சின்னக் குறை அல்ல. செய்த பிறகும் பார்வை நிலைபெறும்வரை காத்திருந்தே சான்றிதழுக்குப் போக முடியும். கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய் உள்ள கண்ணுக்கு லேசர் கூடவே கூடாது. புழுதி ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த நோய் வரும் ஆபத்து கூடுதல். பவர் வருடா வருடம் ஏறி, சிலிண்டரும் (ஒரு திசையில் மட்டும் தேவைப்படும் பவர்) கூடிக்கொண்டு போனால், கண்ணாடிக்கடையோடு நிற்காமல் கண் வைத்திய நிபுணரிடம் கருவிழி வரைபடம் எடுத்துப் பாருங்கள்.

இந்த மூன்றாலும் சரிசெய்ய முடியாத ஒன்று உண்டு: நிறக்குருடு. என் பார்வையில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். சிவப்பு, பச்சை குழம்பும் வகை தாய்வழியாக வருவது. அம்மாவின் தகப்பனுக்கு இருந்தால் ஆண்பிள்ளைக்கு வரும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. தாய்மாமனுக்கு இருந்தாலும் பரிசோதித்துவிடுங்கள். புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைதான் முதற்சோதனை. அதில் தவறியவருக்கும் ஐகாவோ வழி விடுகிறது: விமான விளக்குகளின் நிறங்களைத் தடுமாறாமல் சொல்ல முடிந்தால் தகுதி பெறலாம். எப்படிச் சோதிப்பது என்பதில் நாடுகள் வேறுபடும். பிரித்தானியாவில் கணினிச் சோதனையில் குறையின் அளவை அளந்து, எவ்வளவு வரை ஏற்கலாம் என்று எல்லை வைத்தார்கள். அமெரிக்காவும் 2025 ஜனவரி முதல் புதிதாக வருவோருக்குக் கணினிச் சோதனையையே வைத்திருக்கிறது. நிறக் கண்ணாடி போட்டுத் தேறலாம் என்று விற்பவர்களை நம்ப வேண்டாம்.

முதலாம் வகுப்புக் கிடைக்காவிட்டால் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஆகலாம் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அதற்கும் அதே 6/9, 6/6; நிறமும் பார்ப்பார்கள். தனிப்பட்ட விமானிக்கான இரண்டாம் வகுப்பு இலகுவானது: தனிக்கண் 6/12, இரண்டும் சேர்ந்து 6/9. நிறச் சோதனையில் தவறினாலும் பகலில் மட்டும் ஓட்ட அனுமதி கிடைக்கலாம். ஆனால் அதைக்கொண்டு சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முடியாது.

காணியை ஈடு வைத்து இரத்மலானையிலோ வெளிநாட்டிலோ பயிற்சிக் கட்டணம் கட்ட முன்னர், சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம் முதலாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துவிடுங்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால் அந்த நாட்டின் சான்றிதழையும் முதலிலேயே விசாரியுங்கள். போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். பவர் நின்றுவிட்டதா, இன்னும் ஏறுகிறதா என்பதை அவற்றை வைத்துத்தான் மருத்துவர் கணிப்பார்.