ஏற்காட்டில் பலகைத் தரை மேல் விறகு ஸ்டவ்: அடியில் எந்தக் கல் போடலாம்?

ஏற்காட்டில் எங்கள் வீட்டு முன்னறை பலகைத் தரை. அதில் இரும்பு விறகு ஸ்டவ் வைக்கப் போகிறோம் என்றதும் ஆளாளுக்கு ஒரு கல்லைச் சொன்னார்கள். சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, வாங்கிப் போட்டு, ஒரு குளிர்காலம் முழுக்க எரித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கல் எரியாது, ஆனால் சூட்டைக் கடத்தும். கிரானைட்டை நேராகப் பலகை மேல் போட்டால் கல் அப்படியே இருக்கும், அடியில் உள்ள மரம் நாளாக ஆகக் காய்ந்து கருகும். அதனால் மேலே தெரிகிற கல்லுக்குக் காசைக் கொட்டாமல் அதற்கு அடியில் போடுவதற்குச் செலவு செய்யுங்கள். நாங்கள் போன பல கடைகளில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை, பாலிஷ் போட்ட முழுக் கல்லைத் தள்ளிவிடத்தான் பார்த்தார்கள், நெருப்பு விஷயத்தில் இப்படிச் செய்வது எனக்குக் கோபமாகவே இருந்தது.

கடப்பா மலிவு. ஆனால் அது அடுக்கடுக்கான சுண்ணாம்புக் கல், இடுக்கில் ஈரம் இருந்து மேலே சூடு ஏறினால் அடுக்கு பெயரும், இந்த மலையில் ஈரத்துக்கா பஞ்சம்? டைல்ஸ் வேண்டாம், கைதவறி ஒரு விறகுக் கட்டை விழுந்தால் போச்சு.

சேலத்துக்காரர்கள் உடனே சொல்வது மேக்னசைட் செங்கல். மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல்லுக்குப் பேர்போன ஊர், எஃகு உலைக்கே தாங்குவது ஸ்டவ்வுக்குத் தாங்காதா என்பார்கள். சூடு தாங்கும், சந்தேகமே இல்லை. ஆனால் சூளைக்குப் போடும் களிமண் செங்கல்லான சாதா ஃபயர் பிரிக்கை விட வேகமாகச் சூட்டைக் கடத்தும். அப்புறம் அந்தச் செங்கல்லில் இருக்கும் மெக்னீசியா ஈரத்தை இழுத்தால் உப்பி உதிரும், மாதக்கணக்கில் பனிமூட்டத்தில் கிடக்கும் வீட்டுக்கு அது ஆகாது.

ஃபயர் பிரிக் நல்ல பொருள்தான். நெருப்பு நேராகப் படும் இடத்துக்கு அதைப் போடலாம், கால் வைத்து, சாம்பல் தட்டும் உள்ள ஸ்டவ்வுக்கு அடியில் அவ்வளவு செலவு தேவைப்படாது. பிரிட்டன் விதிப்படி, அடித்தளத்தை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்காத ஸ்டவ் என்றால் 12 மி.மீ. எரியாத பொருள் போதும், அதைத் தாண்டினால் 125 மி.மீ. கனம் வேண்டும். எந்த வகை என்று ஸ்டவ்வோடு வரும் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நாங்கள் போட்டது இதுதான்: நாட்டுச் செங்கல்லைப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் திறந்திருக்கும்படி இடைவெளி விட்டு வரிசை, அதன் மேல் தகடு, சிமெண்ட் போர்டு, எல்லாவற்றுக்கும் மேலே கிரானைட் துண்டுகள். சில்வர் ஓக் விறகைப் போட்டு ராத்திரி வெகுநேரம் எரித்த பிறகும், அந்த இடைவெளிக்குள் கையை விட்டால் பலகை சில்லென்றே இருக்கிறது. ஸ்டவ் கதவுக்கு முன்னால் 18 அங்குலம் கல் நீண்டிருக்கட்டும், கதவைத் திறக்கும்போது தணல் விழுவது அங்கேதான்.

துண்டுக் கல் எடுத்தது சேலம் பைபாஸ் ஓரத்தில் ஒரு அறுவைப் பட்டறையில். சமையல் மேடைக்கு அறுத்ததில் மீந்ததைப் பின்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்கள், புது முழுக் கல்லின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அங்கே வேலை செய்யும் பையன் ஒவ்வொரு கல்லையும் விரல் மடக்கித் தட்டிக் காட்டினான். “கணீர்னு கேட்டா எடுங்கக்கா, பொத்துனு கேட்டா உள்ள விரிசல் இருக்குதுங்க.” அவசரப்படுத்தவே இல்லை, கேட்ட அளவுக்கு ஓரமும் அறுத்துக் கொடுத்தார்கள். துண்டாகப் போடுவதில் இன்னொரு நன்மை, சூட்டில் கல் விரிய இணைப்பில் இடம் கிடைக்கும்.

வண்டியில் கல்லைப் படுக்கப் போட விடாதீர்கள், நிமிர்த்திச் சாய்த்துக் கட்டச் சொல்லுங்கள், 20 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். அதற்கு முன்னால் தரைக்கு அடியில் இருக்கும் கட்டைகளில் கரையான் இருக்கிறதா என்று மேஸ்திரியை வைத்துப் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் சில கட்டைகளை மாற்றிய பிறகுதான் செங்கல்லையே இறக்கினோம்.