மானிட்டர் இரைச்சல்: கேபிளை மாற்றுவதா, ஃபெரைட் மாட்டுவதா?

"தம்பி, பையன் கம்ப்யூட்டரத் தொறந்தா மின்னல் எப்.எம். ஒன்னுமே கேக்கல." மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டத்து ஊர்களில் பக்கத்து வீட்டுப் பாட்டி நம் தமிழ் வானொலியைப் பற்றி இப்படிச் சொன்னால் உடனே ரேடியோவைக் குறை சொல்லிவிடாதீர்கள். மானிட்டரும் அதன் வீடியோ கேபிளும் சேர்ந்து வானொலி அலையைக் கக்கிக்கொண்டிருக்கலாம்.

சோதனையில் தேறிய மானிட்டர் எப்படி இரையும் என்று கேட்பீர்கள். சிஸ்பர் 32 என்ற உலகத் தரம், வீட்டுக் கருவியை 10 மீட்டர் தள்ளி நின்று அளக்கிறது. எப்.எம். இருக்கும் அலைவரிசைப் பகுதியில் அதற்கு அனுமதி மீட்டருக்குச் சுமார் 32 மைக்ரோவோல்ட். நம் லயத்து வீட்டிலோ தாமான் வீட்டிலோ ரேடியோவும் மானிட்டரும் ஒரு மீட்டர் இடைவெளியில்தான் இருக்கும். அங்கே அந்த அளவு ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். கிராமப்புறத்தில் ஸ்டீரியோ ஒலி தெளிவாகக் கேட்க வேண்டிய சிக்னலே மீட்டருக்குச் சுமார் 500 மைக்ரோவோல்ட்தான். கோலாலம்பூரில் ஒலிபரப்புக் கோபுரம் பக்கத்தில் இருப்பதால் இரைச்சல் அமுங்கிப்போகும். செம்பனைக்கு நடுவே இருக்கும் நமக்கு அந்த வசதி இல்லை.

காசு செலவழிக்கும் முன் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும். பேட்டரி ரேடியோவைக் கையில் எடுத்து மானிட்டரின் அடாப்டர் அருகில் ஒரு முறை, கேபிள் நெடுக ஒரு முறை கொண்டு போங்கள். பிறகு மானிட்டர் எரியும்போதே வீடியோ கேபிளை மட்டும் கழற்றுங்கள். சத்தம் நின்றால் கேபிள் வழிதான். நிற்கவில்லை என்றால் மலிவு அடாப்டர்தான் பெரும்பாலும் காரணம். அதற்கு எத்தனை கேபிள் மாற்றினாலும் பயன் இல்லை.

கேபிள்தான் என்று தெரிந்துவிட்டால் முதல் போட்டி, கேபிள் மேல் கவ்விப் பூட்டும் காந்தப்பீங்கான் உருளையான ஃபெரைட்டுக்கும் நல்ல கேபிளுக்கும்தான். கணினியையும் மானிட்டரையும் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிளில் சிக்னல் இரட்டைக் கம்பிகளில் எதிரெதிராக ஓடுகிறது. இரண்டும் சமமாக இருக்கும்வரை வெளியே கசிவது குறைவு. சமம் கெட்டால் மிச்சம் ஷீல்டின், அதாவது கம்பிகளைச் சுற்றிய உலோக உறையின், வெளிப்புறத்துக்கு வந்து கேபிளையே ஆன்டெனா ஆக்கிவிடும். ஃபெரைட் அந்த வெளிப்புற மின்னோட்டத்தை மட்டும் தடுக்கிறது, உள்ளே ஓடும் படத்தைத் தொடாது. மலிவு, ஐந்து நிமிட வேலை. ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண வகை சுமார் 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரைதான் நன்றாக வேலை செய்யும். எப்.எம்.முக்குச் சரி, டிவிக்குப் போதாது. மாட்டும்போது இரு பாதிகளுக்கும் இடையே மயிரிழை இடைவெளி விட்டாலும் பலன் பெருமளவு போய்விடும். 'கிளிக்' என்று முழுதாகப் பூட்ட வேண்டும், கணினியை ஒட்டிய முனையில்.

நல்ல கேபிள் நோயின் வேருக்கே போகிறது. வேண்டாத பழைய மலிவு கேபிள் ஒன்றின் தலையை அறுத்துப் பாருங்கள். கம்பிப் பின்னலை ஒரே நூலாக முறுக்கி ஒரு மூலையில் ஈயம் வைத்திருப்பார்கள். மல்டிமீட்டர் இணைப்பு இருக்கிறது என்றே காட்டும், ஆனால் 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அந்த நூலே தடை. நல்ல கேபிளில் பின்னல் உலோகக் கூட்டைச் சுற்றிலும் தொட்டிருக்கும், உள்ளே அலுமினியத் தாளும் இருக்கும். பெட்டியில் 'பிரீமியம் ஹை ஸ்பீட்' அல்லது 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்ற, ஸ்கேன் செய்து சரிபார்க்கும் முத்திரை இருந்தால் கதிர்ப்பு அளவும் சோதிக்கப்பட்டது என்று அர்த்தம். என் ஓட்டு இதற்குத்தான். முதலில் கேபிள், மிச்சம் இருந்தால் ஃபெரைட்.

காசில்லாத வழியும் ஒன்று உண்டு: ரெசல்யூஷனை மாற்றுவது. படப் புள்ளிகளை அனுப்பும் வேகமான 'கடிகாரம்' அதோடு மாறும்; இரைச்சல் அந்தக் கடிகார அலைவரிசையிலும் அதன் மடங்குகளிலும் விழும். பழைய 19 அங்குலச் சதுர மானிட்டர் 1280×1024இல் 108 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடும். அது எப்.எம்.மின் மேல் விளிம்பு. 1440×900க்கு ஒரு வகை அமைப்பில் கடிகாரம் 88.75, அது நேராக எப்.எம்.முக்குள். 1080பி 148.5இல் ஓடுவதால் எப்.எம்.மைத் தாண்டிவிடும். ஆனால் அதன் நான்காம் மடங்கு 594 மெகாஹெர்ட்ஸ், இப்போது நாம் பார்க்கும் எண்முறை டிவியின் யு.எச்.எப். பகுதிக்குள் விழுகிறது. ஓரிடத்தில் அடைத்தால் இன்னோரிடத்தில் ஒழுகும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: 2560×1440இன் கடிகாரம் 241.5, அதன் பத்தாம் மடங்கு 2,415. அது வைஃபையின் முதல் சேனலை ஒட்டியது. ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியின் பயனர்கள் 2019இல் இதை அனுபவித்தார்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் தீர்ந்தது.

எச்டிஎம்ஐக்கு மாற்றான டிஸ்ப்ளேபோர்ட் இணைப்பு இருந்தால் அதையே போடுங்கள். அது எப்போதும் தரவைக் குலைத்துத்தான் அனுப்பும். கடிகாரத்தையும் அரை சதவீதம் வரை அலையவிட முடியும் என்பதால் ஒரே புள்ளியில் கூர்மையாகக் குத்தாது. எச்டிஎம்ஐ சாதாரண வேகத்தில் இப்படிக் குலைப்பதில்லை, 2.0 பதிப்பில் உயர்வேகத்துக்கு மட்டும் உண்டு. ஆகவே அசையாத எக்செல் திரையே சில நேரம் வீடியோவைவிடக் கூர்மையாக இரைக்கும்.

கண்ணாடியிழை எச்டிஎம்ஐ கோயில் மண்டபம் போல நீள ஓட்டத்துக்குப் பொருத்தம். விலை அதிகம். பெரும்பாலானவற்றில் துணைச் சிக்னலுக்குச் செம்புக் கம்பியும் கூடவே ஓடும். வீட்டு மேசைக்கு இது வேண்டாம்.

டிவி கட்டம் கட்டமாக உடைகிறதா? கேபிள் வாங்கும் முன் ஆன்டெனா வயரை மானிட்டர் கேபிளோடு ஒட்டிப் போகாமல் பிரித்து, ஆர்ஜி6 என்ற உலோக உறை போட்ட கோஆக்ஸியல் வயருக்கு மாற்றிப் பாருங்கள். பல வீடுகளில் அதற்கு மேல் வேலையே இருக்காது.