செமி சிந்தெடிக் கூலன்ட்: வேலை அருமை, நாற்றம் தாங்கவில்லை

உலோகம் வெட்டும் முனையைக் குளிர்விக்க, தண்ணீரில் பால் நிறமாகக் கரையும் பழைய சாலிபிள் ஆயிலை விட்டுவிட்டு, எண்ணெய் குறைவாக உள்ள செமி சிந்தெடிக் கூலன்டுக்கு மாறலாமா என்று கடைசல் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டிருந்தார். தொட்டியைக் காலி செய்து, அடியில் படிந்த சேற்றை வாரிப்போட்டு, புதுக் கலவை நிரப்பிய கையோடு இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் ஆறவில்லை என்றாலும் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சி.என்.சி. லேத்தில் (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஸ்டீல் கடைவதற்கு இதைவிடத் திருப்தியான திரவத்தை நான் பயன்படுத்தியதில்லை. பழைய எண்ணெய்க் கலவையில் சூட்டால் நீலம் பாய்ந்து வந்த உலோகச் சீவல்கள், அதே வேகத்தில் இப்போது வெளிர் மஞ்சளாக வந்து விழுகின்றன. கருவியில் மாட்டும் வெட்டுத் துண்டான இன்சர்ட்டின் முனை கூடுதலாக உழைக்கிறது. ஆழமான துளையைக் குடையும்போது சீவல் உள்ளே சிக்கி மறுபடி வெட்டுப்படுவதுதான் முனை உடைவதற்குப் பெரிய காரணம். இந்தக் கலவை அதை அலசித் தள்ளிவிடுகிறது. பால்போல் மறைக்காமல் பாதி தெளிவாக இருப்பதால், கதவுக் கண்ணாடி வழியாகக் கருவி முனை வேலைப் பொருளைத் தொடும் இடம்கூடத் தெரிகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. முதல் துண்டை ஓட்டிப் பார்க்கும்போது இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது லேத் முன் நின்றவர்களுக்குப் புரியும்.

அளவும் நிலையாக நிற்கிறது. 50 மி.மீ. விட்டமுள்ள ஸ்டீல் தண்டு 40 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.02 மி.மீ. பருத்துவிடும். சூட்டோடு அளந்து சரி என்று எடுத்து வைத்த துண்டு, ஆறிய பிறகு அளவு குறைந்து கழிவுக்குப் போகும். அந்தத் தொல்லை எனக்கு இப்போது அநேகமாக இல்லை. சூட்டை வாங்கிக்கொள்வதில் தண்ணீரை மிஞ்ச எண்ணெயால் முடியாது. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி சூடேற 4.18 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கனிம எண்ணெய்க்கு அதில் பாதி அளவே போதும். தண்ணீருக்கு வழவழப்பு கிடையாது, துருவும் பிடிக்கும். அந்த இரண்டு குறைகளையும் தீர்க்கத்தான் எண்ணெயும் துருத்தடுப்பானும் சேர்க்கிறார்கள். 1880களிலேயே அமெரிக்காவின் மிட்வேல் ஸ்டீல் ஆலையில் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர், வெட்டும் முனையில் தண்ணீரைத் தாராளமாகப் பாய்ச்சினால் வெட்டும் வேகத்தை 30 முதல் 40 சதவீதம் வரை கூட்டலாம் என்று கண்டார். துருப்பிடிக்காதிருக்க அந்தத் தண்ணீரில் சோடா உப்பைக் கரைத்தார்கள். இன்று டிரம்மில் வருவதும் அதே காரத் தன்மையை நம்பித்தான் இருக்கிறது. புதுக் கலவையின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) 9 அளவில் இருக்கும், 8.5-க்குக் கீழே இறங்கினால் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அந்த இறக்கம்தான் என்னை வதைக்கிறது. விடுமுறை முடிந்து இயந்திரக் கதவைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைகிறது. குற்றவாளி கூலன்ட் மட்டுமல்ல. லேத்தின் ஸ்லைடுகளுக்கு, அதாவது நகரும் பாகங்கள் வழுக்கிச் செல்லும் தடங்களுக்கு, போகும் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வழிந்து நேராகக் கூலன்ட் தொட்டிக்குள் விழுகிறது. பம்ப் நின்றதும் அது மேலே மிதந்து ஆடைகட்டி, காற்றை உள்ளே விடாமல் அடைத்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாக்களுக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த நாற்றம். இத்தனை நுட்பமாக இயந்திரம் கட்டுகிறவர்கள், வழியும் எண்ணெயைத் தனியே வடித்தெடுக்க ஒரு பள்ளம் வைக்கக் கூடாதா? எளிதில் கழற்றிக் கழுவும்படி தொட்டியை அமைக்கக் கூடாதா? கை நுழையாத மூலைகளில்தான் அத்தனை சேறும் போய் ஒதுங்குகிறது.

கூலன்ட் விற்பவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. டிரம்மில் 'நீடித்த ஆயுள்' என்று பெரிதாக அச்சிடுகிறார்கள். அந்த ஆயுள் யார் உழைப்பில் நீடிக்கிறது என்பதை அச்சிடுவதில்லை. கலவையின் செறிவைப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் தினமும் ஒரு சொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். அது காட்டும் அளவை அப்படியே சதவீதமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. அதைக் கூலன்டுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும்: நான் வாங்குவதற்குக் காரணி 1.6, கருவி 5 காட்டினால் செறிவு 8 சதவீதம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான் என்பதால் செறிவு தானாகவே ஏறும். அதற்காக வெறும் தண்ணீரை ஊற்றாமல் ஒன்றிரண்டு சதவீதக் கலவையை ஊற்ற வேண்டும். கடின நீராக இருந்தால் அதிலுள்ள உப்புகள் ஆவியாகாமல் தொட்டியிலேயே சேர்ந்து, சுவரில் சோப்பு அழுக்குபோல் படியும், ஆர்.ஓ. நீர்தான் நல்ல வழி. புதிதாகக் கலக்கும்போது தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை அல்ல. மாற்றிச் செய்தால் கெட்டியாகத் திரண்டுவிடும், பிறகு கரையவே கரையாது.

நாற்றத்துக்கு மருந்தாகப் பாக்டீரியாக் கொல்லியைத் தொட்டியில் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அதற்கு ஒப்பமாட்டேன். அளவு மீறினால் அது இயந்திரத்தின் முன் நிற்பவரின் தோலைத்தான் பதம் பார்க்கும். ஏற்கெனவே காரத் தன்மை கொண்ட இந்தத் திரவத்தில் நாள் முழுக்கக் கை நனைப்பவர்களுக்கு விரலிடுக்கில் தோல் வெடிப்பதையும் அரிப்பதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எனக்குப் பலன் தந்தது பெல்ட் வகை ஆயில் ஸ்கிம்மர்தான்: மிதக்கும் எண்ணெயை ஒட்டி எடுத்து வெளியே வடிக்கிறது. விடுமுறையில் மீன் தொட்டிக்கான சின்னக் காற்றுப் பம்பை ஓடவிட்டாலும் நாற்றம் குறைகிறது. ஆனாலும் முழுவதும் போகவில்லை.

நண்பர் மில்லிங்கும் (சுழலும் கட்டரால் வெட்டும் வேலை) செய்கிறார். கார்பைடு என்ற கடினப் பொருளாலான கட்டரின் பற்கள் ஸ்டீலை இடைவிட்டு இடைவிட்டு வெட்டும் வேலைக்குப் பொதுவாகக் கூலன்ட் அடிக்க வேண்டாம். முனை மாறி மாறிச் சுட்டு ஆறுவதால் சீப்புப் பற்கள்போல் விரிசல் விடும். காற்று ஊதினால் போதும்.

முடிவாக என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டால், வெட்டும் தரத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனால் அடுத்த டிரம் இதுவாக இருக்காது. கனிம எண்ணெயே இல்லாத முழு சிந்தெடிக்கை ஒருமுறை பார்த்துவிடுகிறேன். வழவழப்பு சற்றுக் குறையும், தெரிந்துதான் போகிறேன். நண்பர் இதையே வாங்குவதானால், டிரம்மை இறக்குவதற்கு முன் ஸ்கிம்மரை மாட்டிவிடட்டும்.